சீனர்கள் முன்னோர் முன் ஏன் குனிகிறார்கள்?

சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன்பு, ஜோவ் அரசமரபு ஆண்ட காலத்தில், உயர்குடி வீடுகளில் இறந்துபோன பாட்டனாருக்குப் படையல் போடும்போது அவருடைய இடத்தில் ஓர் ஆளை உட்கார வைப்பார்கள். உட்காருகிறவர் பேரன். பேரன் கைக்குழந்தை என்றால் வேறொருவர் தூக்கி வைத்துக்கொள்ளலாம், பேரனே இல்லாவிட்டால் அதே குலப்பெயர் கொண்ட இன்னொரு பையனைக் கூட்டி வரலாம் என்று பழைய சடங்கு நூல் சொல்கிறது. பாட்டனாரின் உடையைப் போட்டுக்கொண்டு அந்தப் பையன் உட்கார்ந்திருப்பான். படையல் நடத்துகிறவர் வடக்குப் பார்த்து நின்று, அவனுக்கு மதுவும் உணவும் வைத்து வணங்குவார். அந்தப் பையன் அவருக்கு மகன், அல்லது மகன் முறை.

தகப்பன் மகனை வணங்கலாமா? அதற்கும் அதே நூலில் பதில் இருக்கிறது. ஒரு மகன் தன் தகப்பனுக்கு எப்படிப் பணி செய்ய வேண்டும் என்பதை இது விளங்க வைக்கிறதாம். நன்றாக யோசித்துப் பார்த்தால் இது மிக ஆழமான ஏற்பாடு. தாத்தாவின் இருக்கையில் உட்கார்ந்திருக்கும் பையனுக்கு, அப்பா எவ்வளவு தாழக் குனிகிறார், கை நடுங்காமல் எப்படிக் கிண்ணத்தை நீட்டுகிறார், எவ்வளவு பொறுமையாகக் காத்திருக்கிறார் என்பதெல்லாம் முகத்துக்கு நேராகத் தெரிகிறது. நாளைக்கு அவன் செய்யவேண்டியதை இன்றைக்கே, வாங்குகிறவனின் இடத்தில் இருந்து பார்த்துவிடுகிறான்.

சீனர்களின் முன்னோர் வணக்கத்தைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. ஆவி வந்ததா, சாப்பிட்டதா என்பதைவிட, யார் யாருக்கு முன்னால் குனிகிறார், எந்த வரிசையில் குனிகிறார், அதைப் பக்கத்தில் நின்று யார் பார்க்கிறார் என்பதில்தான் அந்தச் சடங்கின் கனம் இருக்கிறது. பிற்காலத்தில் இந்த வணக்கத்தைப் பற்றிப் பெரிய பெரிய சண்டைகள் நடந்தன. போப்பாண்டவர்களும் பேரரசர்களும் புரட்சிக்காரர்களும் அதில் சம்பந்தப்பட்டார்கள். எல்லாரும் கேட்டது நம்பிக்கையைப் பற்றிய கேள்வி: அங்கே யாராவது இருக்கிறார்கள் என்று நினைத்தா குனிகிறீர்கள்? குனிந்தவர்கள் பலர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே குனிந்து எழுந்து போனார்கள்.

சரி, இன்று நடப்பதை முதலில் பார்ப்போம். ஏப்ரல் 4 அல்லது 5 அன்று சிங்மிங் நாள் வருகிறது. வசந்த காலத்துச் சமஇரவு நாள் கழிந்து ஏறக்குறைய 15 நாள். அந்த நாளையொட்டிக் குடும்பத்தோடு கல்லறைக்குப் போவார்கள். முதல் வேலை களை பிடுங்குவதும் பெருக்குவதும்தான். கல்லில் செதுக்கிய எழுத்துகள் மங்கியிருந்தால் சிவப்பிலோ பொன்னிறத்திலோ மறுபடி வண்ணம் தீட்டுவார்கள். தென்சீனத்திலும், அங்கிருந்து மலேசியா, சிங்கப்பூர் பக்கம் வந்தவர்களிடமும் கல்லறை மேட்டின் மீது வண்ணத் தாள்களைப் பரப்பிச் சிறு கற்களை வைக்கும் பழக்கம் உண்டு. இந்த ஆண்டு பிள்ளைகள் வந்து போனார்கள் என்பதற்கு அது அடையாளம்.

அப்புறம் படையல். முழுக் கோழி, பன்றி இறைச்சி, மீன், பழம், சோறு, சின்னக் கிண்ணங்களில் மதுவோ தேநீரோ. ஊதுவத்தி மூன்று. குடும்பத்தில் மூத்தவர் முதலில் வருவார். ஊதுவத்தியை இரண்டு கைகளாலும் பிடித்து, நெற்றி உயரத்துக்குத் தூக்கி, இடுப்பிலிருந்து மூன்று முறை குனிவார். சில குடும்பங்களில் அதோடு சரி. சில குடும்பங்களில் ஊதுவத்தியை ஊன்றிவிட்டு மண்டியிட்டு நெற்றி தரையைத் தொட வணங்குவார்கள். எத்தனை முறை என்பது ஊருக்கு ஊர் மாறும். தெய்வத்துக்கு மூன்று, இறந்தவருக்கு நான்கு என்று ஒரு வழக்கு பரவலாக உண்டு. அதனால் கோயிலில் மூன்று தடவை தலை தாழ்த்துகிற அதே ஆள் வீட்டு முன்னோருக்கு நான்கு தடவை தாழ்த்துவதைப் பார்க்கலாம்.

மூத்தவருக்குப் பின் அடுத்தவர், அடுத்த தலைமுறை, கடைசியில் குழந்தைகள். குழந்தையின் தலையை அம்மாவோ அப்பாவோ லேசாகப் பிடித்து அழுத்திக் காட்டிக்கொடுப்பார்கள். அதன் பிறகு காத்திருப்பார்கள். ஊதுவத்தி எரிந்து இறங்க வேண்டுமே. ஃபூஜியனிலும் தைவானிலும், முன்னோர் சாப்பிட்டு முடித்தார்களா என்று தெரிந்துகொள்ளப் பிறை வடிவத்தில் உள்ள இரண்டு மரத்துண்டுகளைத் தரையில் போடுவார்கள். ஒன்று தட்டையான பக்கமும் இன்னொன்று வளைந்த பக்கமும் மேலே தெரிய விழுந்தால் முடித்தாயிற்று. இல்லாவிட்டால் இன்னும் கொஞ்சம் நேரம் பொறுக்க வேண்டும். முடிந்தபின் காகிதப் பணத்தை எரிப்பார்கள். படைத்ததைக் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

சாப்பாடு என்றதும் குவாங்டோங் பக்கத்துக் குலங்களைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே குல முன்னோருக்கு முழுப் பன்றியைச் சுட்டுப் படைத்து, வணங்கி முடிந்ததும் அந்தக் கறியைக் குலத்தாருக்குப் பங்கு போடுவது பழைய வழக்கம். ஒருவனுக்குப் பங்கு கிடைத்தால் அவன் குலத்தைச் சேர்ந்தவன். பெரிய குற்றம் செய்தவனுக்குப் பங்கை நிறுத்திவிடுவார்கள், அது சாதாரணத் தண்டனை அல்ல. வணங்க உரிமை, கறியில் உரிமை, குலச் சொத்தில் உரிமை மூன்றும் ஒன்றோடொன்று பின்னியிருந்தன. வணக்கம் வெறும் பக்தி என்று பார்த்தால் இந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்.

குனிவதிலேயே எத்தனை வகை! ஜோவ் காலத்து நிர்வாக முறைகளைச் சொல்லும் பழைய நூல் ஒன்பது வணக்கங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றில் மிக உயர்ந்தது, இரண்டு முழங்காலும் தரையில் ஊன்றி, கைகளைத் தரையில் வைத்து, தலையை மெதுவாக இறக்கி நெற்றியைத் தரையில் சற்று நேரம் வைத்திருப்பது. அடுத்தது அதே போலத்தான், ஆனால் நெற்றி பட்டவுடன் தலையைத் தூக்கிவிடலாம். மூன்றாவதில் தலை தரைவரை போகாது, கைகளின் மட்டத்தில் நின்றுவிடும். கவசம் போட்ட வீரனால் மடங்க முடியாது என்பதால் அவனுக்கு ஏற்ற எளிய வணக்கமும் பட்டியலில் இருக்கிறது. முதலிரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம், நெற்றி தரையில் எத்தனை மூச்சு நேரம் இருக்கிறது என்பதுதான். அதற்குள் அவ்வளவு பொருள் வைத்திருந்தார்கள்.

கைகளுக்கும் விதி உண்டு. நெஞ்சுக்கு முன்னால் கைகளைச் சேர்க்கும்போது ஆண்கள் சாதாரண நாளில் வலக்கையின் மேல் இடக்கையை வைக்க வேண்டும். துக்க காலத்தில் இது தலைகீழ். பெண்களுக்கு இரண்டும் எதிர்மாறு. இதைப் பற்றி ஒரு அழகான நிகழ்ச்சி சடங்கு நூலில் உண்டு. கன்பூசியஸ் (கி.மு. 551–479) ஒருநாள் மாணவர்களோடு நிற்கும்போது வலக்கையை மேலே வைத்திருந்தார். மாணவர்களும் உடனே அப்படியே மாற்றி வைத்துக்கொண்டார்கள். “உங்களுக்குக் கற்றுக்கொள்வதில் அவ்வளவு ஆசை, நானோ என் அக்கா இறந்த துக்கத்தில் இருக்கிறேன்” என்றார் அவர். மாணவர்கள் கையை மாற்றிக்கொண்டார்கள். ஒருவர் கையைப் பார்த்தே அவர் வீட்டில் இழவு நடந்திருப்பதைத் தெரிந்துகொள்ளக்கூடிய சமூகம் அது. முன்னோர் வணக்கத்தில் ஆண்களின் இடக்கைதான் மேலே வரும். இறந்தவர் முன்னோராகிவிட்டபின் அவருக்குச் செய்வது மங்கலச் சடங்கு, துக்கச் சடங்கு அல்ல.

இன்னொரு விஷயத்தையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்துச் சீனர்கள் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் அல்லர். பாய் விரித்து, முழங்காலை மடக்கி, குதிகால் மேல் உட்கார்ந்தார்கள். அந்த நிலையிலிருந்து முன்னால் சாய்ந்து நெற்றியைத் தரையில் வைப்பது பெரிய இறக்கம் இல்லை. வணங்கப்பட்டவரும் அதே பாயில் அதே உயரத்தில்தான் இருந்தார். பல சமயம் அவரும் பதிலுக்கு வணங்கினார், அரசனே அமைச்சருக்குப் பதில் வணக்கம் செய்த காலமும் இருந்தது. தாங் அரசமரபின் காலத்திலிருந்து சோங் காலத்துக்குள் நாற்காலியும் உயர்ந்த மேசையும் வீடுகளுக்குள் வந்துவிட்டன. நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் தரைக்கு இறங்குகிறார் என்றால் அந்த இறக்கமே வேறு. மண்டியிடுவதில் அவமானம் கலந்துவிட்டதற்கு இந்தத் தட்டுமுட்டுச் சாமான்களுக்கும் பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். ஆனால் முன்னோருக்குச் செய்யும் வணக்கத்தில் அந்தக் கசப்பு ஏறவில்லை. பெற்றவருக்குத் தலை தாழ்த்தியதால் யாரும் சிறுத்துப்போனதாக எண்ணவில்லை.

கன்பூசியஸ் குனிவதைப் பற்றிக் கறாராகப் பேசியிருக்கிறார். அரசவையில் மண்டபத்துக்குக் கீழே நின்று வணங்குவதே முறை. இப்போது எல்லாரும் மேலே ஏறி வந்து வணங்குகிறார்கள், அது செருக்கு. ஊரே அப்படிச் செய்தாலும் நான் கீழே நின்றுதான் வணங்குவேன் என்பது அவர் நிலை. இதைச் சொன்ன அதே மூச்சில், சடங்குத் தொப்பியைச் சணலுக்குப் பதில் பட்டில் செய்வது செலவைக் குறைக்கிறது, அதில் ஊரோடு சேர்ந்துகொள்கிறேன் என்றும் சொல்கிறார். துணி மாறலாம். எங்கே நின்று குனிகிறோம் என்பது மாறக்கூடாது. படையலைப் பற்றி அவருடைய சொற்களாக வந்திருப்பதும் கவனிக்கத்தக்கது: முன்னோர் அங்கே இருப்பது போலப் படைக்க வேண்டும். “இருப்பது போல”. இருக்கிறார்கள் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் ஷுன்சி என்ற சிந்தனையாளர் இந்த இடத்தில் நேராகவே பேசினார். படையல் என்பது இறந்தவரை நினைத்து ஏங்கும் மனத்தின் வெளிப்பாடு என்றார். அறிந்தவர்களுக்கு அது மனிதர்களின் நெறி, சாதாரண மக்களுக்கு அது ஆவிகளின் காரியம் என்று பிரித்தும் காட்டினார். நான் இதைப் படிக்கும்போதெல்லாம் வியப்பது ஒன்றுதான். இரண்டு தரப்பும் ஒரே மண்டபத்தில், ஒரே வரிசையில் நின்று, ஒரே மாதிரி குனிய முடியும் என்பதை அவர் சிக்கலாகவே கருதவில்லை. குனிவதற்கு முன்பு ஒத்த கருத்து தேவைப்படவில்லை.

யார் எந்தத் தலைமுறை வரை வணங்கலாம் என்பதற்கும் நீண்ட காலம் கட்டுப்பாடு இருந்தது. அரசர் பல தலைமுறைக்குக் கோயில் வைக்கலாம், அமைச்சருக்கு அதைவிடக் குறைவு, எளிய மக்களுக்குத் தனிக் கோயில் கிடையாது. இதைச் சோங் காலத்து அறிஞர்கள் இளக்கினார்கள். ஜூ ஷி (1130–1200) பெயரில் வழங்கும் குடும்பச் சடங்கு நூல், வீட்டிலேயே ஒரு சிறிய சன்னதி அமைத்து நான்கு தலைமுறை முன்னோரை வைத்து வணங்கலாம் என்று வழிகாட்டியது. பிற்கால வீட்டுச் சடங்குகளுக்கு அந்த நூல்தான் அடிப்படை.

சன்னதியில் இருப்பது சிலை அல்ல, பெயர் எழுதிய மரப்பலகை. அதன் அளவுகளை வகுத்தவர் ஜூ ஷிக்கு முந்தைய தலைமுறைகளைச் சேர்ந்த செங் யி. மரம் செஸ்ட்நட். அடிப்பீடம் நான்கு அங்குலச் சதுரம், நான்கு பருவங்களுக்காக. உயரம் பன்னிரண்டு அங்குலம், பன்னிரண்டு மாதங்களுக்காக. அகலம் முப்பது சிற்றளவு (ஓர் அங்குலத்தில் பத்துச் சிற்றளவு), மாதத்தின் முப்பது நாட்களுக்காக. கனம் பன்னிரண்டு சிற்றளவு, ஒரு நாளின் பன்னிரண்டு சீன மணிகளுக்காக. இவையெல்லாம் அக்காலச் சீன அளவுகள். இறந்தவரின் பெயரைச் சுமக்கும் பலகைக்குள் ஒரு முழு ஆண்டையே அடக்கிவிட்டார்கள். அந்தப் பலகையின் முன்னால்தான் காலையில் ஊதுவத்தி, புத்தாண்டுக்கு முந்தைய இரவு படையல், வெளியூர் போகும்போது ஒரு வணக்கம், திரும்பி வந்ததும் ஒரு வணக்கம், புது மருமகள் வந்தால் அறிமுக வணக்கம்.

1536 இல் மிங் அரசமரபின் ஜியாஜிங் பேரரசரிடம் ஷியா யான் என்ற அமைச்சர் ஒரு வேண்டுகோள் வைத்தார். குலத்தின் முதல் முன்னோரை மக்களும் வணங்க வழிவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. அதற்குப் பிறகு தென்சீனமெங்கும் குல மண்டபங்கள் பெருகின. நான்கு தலைமுறை என்றால் ஒரு வீட்டுக் கூட்டம். முதல் முன்னோர் என்றால் ஊரே ஒரு குலம். மண்டபத்துக்கு நிலம், நிலத்தின் வருமானத்தில் படையல், பிள்ளைகளின் படிப்புக்கு உதவி என்று அது வளர்ந்தது. குவாங்ஜோவில் 1894 இல் கட்டி முடித்த சென் குல மண்டபத்தின் மர வேலைப்பாட்டையும் கூரைச் சிற்பங்களையும் பார்த்தால் குனிவதற்கு ஓர் இடம் அமைக்க எவ்வளவு பணமும் உழைப்பும் கொட்டினார்கள் என்று புரியும். இன்று அது நாட்டுப்புறக் கலை அருங்காட்சியகம்.

இந்தப் பெருமையில் பெண்களுக்கு என்ன இடம்? ஜூ ஷி முறையில் குடும்பத் தலைவரின் மனைவிக்குச் சடங்கில் தனிப் பணி உண்டு. ஆனால் பின்னால் எழுந்த குல மண்டபங்கள் பலவற்றில் படையல் நாளன்று பெண்கள் உள்ளே வரக்கூடாது. மகள் தன் பிறந்த வீட்டு முன்னோர் வரிசையில் நிற்க மாட்டாள், கல்யாணமானபின் கணவன் வீட்டு முன்னோருக்குக் குனிவாள். திருமணமாகாமல் இறந்த மகளின் பெயர்ப்பலகைக்கு வீட்டில் இடம் கிடைக்காது. வம்சாவளி ஏடுகளில் மகள்களின் பெயரே இல்லாத குலங்கள் ஏராளம். சமையல்கட்டில் கோழியை வேகவைத்தவர்கள், கிண்ணங்களைக் கழுவி அடுக்கியவர்கள், இறந்த நாட்களை நினைவில் வைத்திருந்தவர்கள் அவர்கள்தான். இதை மரபு என்று சொல்லி என்னால் கடந்துபோக முடியவில்லை. இப்போது பல குலங்கள் புதிய ஏடுகளில் மகள்களையும் சேர்க்கின்றன. ஒற்றை மகளோடு வளர்ந்த நகரத்துக் குடும்பங்களில் அந்த மகள்தான் கல்லறையில் முதலில் குனிகிறாள். தேவைதான் இந்த மாற்றத்தைக் கொண்டுவந்தது, ஆனாலும் வந்தது நல்லதுதான்.

இனி, சண்டைகளுக்கு வருவோம். 1610 இல் பெய்ஜிங்கில் இறந்த ஏசு சபைப் பாதிரியார் மத்தேயோ ரிச்சி, முன்னோர் முன் குனிவது நன்றியறிதலே, சிலைவழிபாடு அல்ல என்று முடிவு செய்திருந்தார். கிறிஸ்தவர்களான சீனர்கள் பெற்றோரின் பலகைக்கு முன்னால் குனிய அவருடைய சபை அனுமதித்தது. பின்னால் வந்த டொமினிக்கன், பிரான்சிஸ்கன் துறவிகள் அதிர்ந்துபோனார்கள். ஊதுவத்தி, படையல், தலை தரையில்: இது வழிபாடு இல்லாமல் வேறென்ன? புகார் ரோமுக்குப் போனது. 1645 இல் தடை வந்தது, 1656 இல் ஏசு சபையார் தங்கள் தரப்பைச் சொன்னபின் அனுமதி வந்தது. 1700 இல் காங்ஷி பேரரசரே, இது மரியாதைச் சடங்கு, வரம் கேட்பதற்கு அல்ல என்று எழுதிக்கொடுத்தார். ரோம் அதை ஏற்கவில்லை. 1704 இல் போப் பதினொன்றாம் கிளமெண்ட் தடை விதித்தார், 1715 இல் அதை மேலும் கடுமையாக்கினார்.

இந்தத் தடையைப் பின்னால் சீனாவில் அறிவித்த போப்பின் தூதர் துர்னோன், அங்கே போகும் வழியில் புதுச்சேரியில் தங்கினார். 1703 நவம்பரில் வந்து இறங்கியவர், 1704 ஜூனில் அங்கிருந்தே தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களின் வழக்கங்களுக்கு எதிராக ஓர் ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி, திருநீறு போன்றவை அதில் அடக்கம். 1606 இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த இணக்கமான அணுகுமுறைக்கு விழுந்த அடி அது. தேவாலய வரலாற்றில் சீனச் சடங்குச் சர்ச்சையும், மலபார் சடங்குச் சர்ச்சை என்று பெயர் பெற்ற இந்தத் தமிழ்நாட்டுச் சர்ச்சையும் இரட்டையர்களாகவே பேசப்படுகின்றன. ஒரே மனிதர், ஒரே பயணத்தில் இரண்டு தேசத்து மக்களின் நெற்றியையும் கழுத்தையும் பார்த்துத் தீர்ப்பு எழுதினார். இரண்டு மொழியும் அவருக்குத் தெரியாது என்பதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சீனாவில் அவர் கதை நன்றாக முடியவில்லை. 1705 டிசம்பரில் காங்ஷியைச் சந்தித்தார். 1707 இல் நான்ஜிங்கிலிருந்து தடையை அறிவித்தார். பேரரசர் அவரைத் தென்சீனக் கரையிலுள்ள மக்காவோவுக்கு அனுப்பிவிட, அங்கே காவலில் இருந்தபடியே 1710 இல் இறந்தார். 1721 இல் போப்பின் ஆணையை மொழிபெயர்ப்பில் படித்த காங்ஷி, இனி மேல்நாட்டார் சீனாவில் மதம் பரப்ப வேண்டாம் என்று எழுதினார். 1742 இல் ரோம் பேச்சையே முடித்துவிட்டது. சீனாவுக்குப் போகும் ஒவ்வொரு பாதிரியாரும் இந்தத் தடையைக் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்க வேண்டியிருந்தது.

அந்தத் தடை இருநூறு ஆண்டுகள் நீடித்தது. அப்பாவின் சவப்பெட்டிக்கு முன்னால் அண்ணன் தம்பிகள் குனிய, ஞானஸ்நானம் பெற்ற மகன் மட்டும் நிமிர்ந்து நிற்க வேண்டும். உறவினர் பார்வையில் அவன் தகப்பனை மறுத்தவன். 1939 டிசம்பர் 8 அன்று ரோம் மனம் மாறியது. இறந்தவர் முன்னும், அவர் படத்தின் முன்னும், பெயர் மட்டும் எழுதிய பலகையின் முன்னும் தலை தாழ்த்துவது முறையானதே, நல்லதே என்று ஆணை வந்தது. 1971 இல் தைவானில் கார்டினல் யூ பின் தாமே முன்னோர் வணக்கத்தை முன்நின்று நடத்தினார். புராட்டஸ்டண்ட் சபைகள் பலவற்றில் இன்றும் தயக்கம் உண்டு. அங்கே குனிவதற்குப் பதிலாகப் பூ வைத்து மௌனமாக நிற்பார்கள்.

மேல்நாட்டு நினைவில் சீன வணக்கம் என்றால் வேறொரு சண்டைதான் நிற்கிறது. 1793 இல் பிரிட்டிஷ் தூதர் மக்கார்ட்னி சியான்லோங் பேரரசர் முன் மூன்று முறை மண்டியிட்டு ஒன்பது முறை நெற்றி தொட மறுத்து, ஒரு காலை மட்டும் மடக்கினார். 1816 இல் ஆம்ஹர்ஸ்ட் பேரரசரைப் பார்க்காமலே திரும்பினார். அது அரசியல், அதைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்: அதே மூன்று மண்டியிடலையும் ஒன்பது வணக்கத்தையும் பேரரசரும் செய்தார். வானத்துக்குச் செய்தார், முன்னோர் கோயிலில் செய்தார், தன் தாய்க்கும் செய்தார். அந்த ஏணியில் குனியாத ஆள் என்று எவரும் இல்லை.

1912 இல் பேரரசு விழுந்தது. பிப்ரவரி 15 அன்று சுன் யாட்சென் நான்ஜிங்கில் உள்ள மிங் அரசமரபின் முதல் பேரரசர் கல்லறைக்குப் போய், கடைசி அரசமரபான சிங்கின் ஆட்சி முடிந்ததை முறைப்படி அறிவித்து வணங்கினார். குடியரசை உண்டாக்கியவர் அந்தச் செய்தியை ஒரு முன்னோரிடம் போய்ச் சொல்கிறார்! அதே ஆண்டு ஆகஸ்டில் புதிய அரசு மரியாதை முறைகளைச் சட்டமாக்கியது. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக் குனிய வேண்டும். திருமணம், இழவு, படையல் போன்ற பெரிய நிகழ்ச்சிகளில் மூன்று முறை. மண்டியிடுவது குடிமகனுக்குத் தகாதது என்பது கருத்து. இன்று ஹாங்காங்கிலோ ஷாங்காயிலோ இழவு வீட்டுக்குப் போனால் காதில் விழுவது இந்தச் சட்டத்தின் எதிரொலிதான்: நடத்துகிறவர் “முதல் வணக்கம், இரண்டாம் வணக்கம், மூன்றாம் வணக்கம்” என்று குரல் கொடுப்பார். வந்தவர் இடுப்பிலிருந்து மூன்று முறை குனிவார். “குடும்பத்தார் நன்றி” என்றதும் பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் பதிலுக்குக் குனிவார்கள்.

1937 சிங்மிங் அன்று ஷான்ஷி மாகாணத்தில், சீனர்கள் தங்கள் ஆதி முன்னோராகக் கருதும் மஞ்சள் பேரரசரின் கல்லறைக்கு, அப்போது ஆட்சியில் இருந்த கோமிந்தாங் கட்சியும் கம்யூனிஸ்டுக் கட்சியும் பிரதிநிதிகளை அனுப்பின. பத்து ஆண்டுகள் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தவர்கள், ஜப்பான் வாசலில் நிற்கும்போது ஒரே முன்னோர் முன் சேர்ந்து நின்றார்கள். கம்யூனிஸ்டுகளின் அஞ்சலி உரையை எழுதியவர் மாவோ. அவரே 1959 ஜூனில் சொந்த ஊரான ஷாவோஷானுக்குப் போனபோது பெற்றோர் கல்லறைக்கு நடந்துபோய், பைன் கிளைகளை வைத்து மூன்று முறை குனிந்தார். ஆவி இல்லை என்பதில் அவருக்குச் சந்தேகம் இருந்திருக்க முடியாது. ஆனாலும் மகன், பெற்றோர் கல்லறை. வேறு என்ன செய்வார்?

அதே மாவோவின் பெயரால் 1966 இல் தொடங்கிய கலாச்சாரப் புரட்சியில் குல மண்டபங்கள் சூறையாடப்பட்டன, பலகைகள் அடுப்புக்குப் போயின, வம்சாவளி ஏடுகள் எரிந்தன. சிலர் ஏடுகளைச் சுவருக்குள்ளும் மண்ணுக்குள்ளும் மறைத்தார்கள். அந்த நவம்பரில் செங்காவலர்கள் என்ற புரட்சி இளைஞர் படையினர், கன்பூசியஸின் ஊரான சூஃபூவில் அவருடைய கல்லறையையே சிதைத்தார்கள். அந்த ஆண்டுகளில் திருமணம் செய்த ஜோடிகள் மாவோவின் படத்துக்கு முன்னால் மூன்று முறை குனிந்தார்கள். குனிவதை நிறுத்த அந்தப் புரட்சியாலும் முடியவில்லை, யாருக்குக் குனிவது என்பதைத்தான் மாற்றப் பார்த்தது. 1980களில் கிராமங்கள் மண்டபங்களைத் திரும்பக் கட்டத் தொடங்கின. வெளிநாட்டுச் சீனர்களின் பணம் அதற்கு உதவியது. 2008 முதல் சிங்மிங் சீனாவில் அரசு விடுமுறை.

இப்போது நெருக்கடி வேறு பக்கமிருந்து வருகிறது. இடம் இல்லை. சிங்கப்பூரில் 1998 முதல் புதைத்த உடல் 15 ஆண்டுகள்தான் மண்ணில் இருக்க முடியும். ஹாங்காங்கில் பெரும்பாலோர் எரியூட்டப்பட்டு, அடுக்கடுக்கான சுவர்களில் ஒரு சிறிய மாடத்துக்குள் அஸ்தியாக இருக்கிறார்கள். தாத்தாவின் மாடம் தலைக்கு மேலே எட்டாவது வரிசையில் இருந்தால் எங்கே மண்டியிடுவது? நடைபாதையில் அண்ணாந்து பார்த்து, பின்னால் நிற்கும் குடும்பத்துக்கு இடம்விட்டு, மூன்று முறை குனிந்துவிட்டு நகர வேண்டியதுதான்.

வர முடியாதவர்களுக்காகச் சீனாவில் கூலிக்கு ஆள் போகும் சேவையும் வந்துவிட்டது. கட்டணம் கட்டினால் அவர்கள் கல்லறையைத் துடைத்து, பூ வைத்து, குனிந்து, அதைப் படம்பிடித்து அனுப்புவார்கள். மண்டியிடவும் அழவும் தனிக் கட்டணம் வாங்கிய விளம்பரங்கள் பலருக்குக் கோபமூட்டின. துடைப்பதற்கு ஆள் வைப்பதில் எனக்குத் தவறு தெரியவில்லை. வயதானவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் வேறு என்ன செய்வார்கள்? ஆனால் நெற்றியை வாடகைக்கு எடுக்க முடியாது. கன்பூசியஸ் இதற்கும் ஒன்று சொல்லி வைத்திருக்கிறார்: படையலில் நானே கலந்துகொள்ளாவிட்டால், அது படைக்காதது போலத்தான். தூரத்தில் இருக்கும் மகனுக்காகப் பல குடும்பங்கள் செய்வது இதைவிட எளிது. கல்லறையில் நிற்கும் தம்பியோ தங்கையோ தன் வணக்கத்தை முடித்துவிட்டு, அண்ணன் வேலை விஷயமாக வர முடியவில்லை, அடுத்த ஆண்டு வந்துவிடுவான் என்று முன்னோரிடம் வாய்விட்டுச் சொல்லி, அவன் பெயரில் இன்னொரு ஊதுவத்தியை ஊன்றுகிறார்கள்.